எல்லை கடந்த குடியியல் வழக்குகளும் இலத்திரனியற் சான்றும்: சான்றின் உடைமை குறித்து ஒரு நோக்கு

1

ஒரு நாட்டில் வாழும் ஒருவர் வேறொரு நாட்டில் வாழும் ஒருவர்மீதோ, அங்கு நிலைகொண்டுள்ள நிறுவனமொன்றின்மீதோ தொடுக்கும் குடியியல் வழக்குகள் புதியனவல்ல. வணிகம் கடல் கடந்த காலந்தொட்டே அதனால் விளையும் பிணக்குகளும் கடல் கடந்து வந்துள்ளன. ஆயினும் அண்மைய சில பத்தாண்டுகளில் இத்தகைய வழக்குகளின் தன்மையில் இரு மாற்றங்கள் நிகழ்ந்துள்ளமை கவனத்துக்குரியது. கப்பற் கம்பனிகளும் வங்கிகளும் ஏற்றுமதியாளருமே பெரும்பாலும் தோன்றிய மன்றுகளில் இன்று அந்நிய நாட்டில் உழைக்கும் தொழிலாளரும், பிரிந்து வாழும் குடும்பத்தினரும், பிள்ளைக்குப் பராமரிப்புப் பணங் கோரும் தாய்மாரும் தோன்றுகின்றனர். இது முதலாவது மாற்றம். கடதாசியில் எழுதப்பட்டு, கையொப்பமும் முத்திரையும் பெற்று, பெட்டகத்தில் வைக்கப்பட்டிருந்த ஆவணத்தின் இடத்தை மின்னஞ்சல், வங்கியின் கணினிப் பதிவு, கைத்தொலைபேசிச் செய்தி, வாகனத்திற் பொருத்தப்பட்ட கருவியின் பதிவு முதலியன பிடித்துக்கொண்டுள்ளன. இது இரண்டாவது மாற்றம்.

இவ்விரு மாற்றங்களையும் ஒன்றோடொன்று பொருத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சட்ட அறிஞர்க்குரிய இப்பொருளில் இலக்கிய மாணவனொருவன் தலையிடுவது பொருந்துமா எனச் சிலர் வினவலாம். ஆவணமும் ஒரு பனுவலே. மூலம் எது, படி எது, எழுதியவர் யார், இடையிற் புகுந்த கை எவருடையது என்ற வினாக்களை ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்போர் எழுப்புவது போலவே நீதிமன்றமும் எழுப்புகிறது. பனுவல் ஒன்று எத்தகைய சமூக உறவுகளுக்கிடையே தோன்றுகிறது, எவரால் பேணப்படுகிறது என்பதைக் கருத்திற் கொள்ளாது அதனை விளங்கிக்கொள்ள முடியாது என்பது மார்க்சியத் திறனாய்வின் அரிச்சுவடி. அந்நோக்கு சான்றுக்கும் பொருந்தும்.

பொருளைத் தெளிவாக்க உண்மையான வழக்கொன்றிலிருந்து தொடங்கலாம். ஜேர்மனியில் வாழ்ந்த பாரவூர்திச் சாரதி ஒருவர் லக்சம்பேர்க் நாட்டுக் கம்பனியொன்றில் வேலை பார்த்தார். டென்மார்க்கிலிருந்து பூக்களையும் செடிகளையும் ஏற்றிச் சென்று பெரும்பாலும் ஜேர்மனியில் இறக்குவது அவரது தொழில். வாகனங்கள் பதியப்பட்டது லக்சம்பேர்க்கில். அவை தரித்து நின்றது ஜேர்மனியில். அவர் வேலைநீக்கஞ் செய்யப்பட்டபோது, தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு ஜேர்மன் சட்டம் வழங்கும் பாதுகாப்பைக் கோரினார். ஒப்பந்தமோ லக்சம்பேர்க் சட்டமே செல்லுபடியாகும் என்றது. 2011 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்று இதற்கு விடை கூறியது. தொழிலாளி தமது கடமையின் பெரும்பகுதியை எந்நாட்டில் ஆற்றினாரோ அந்நாட்டின் கட்டாயப் பாதுகாப்புக்களை ஒப்பந்தத்திலுள்ள வாசகத்தால் அவரிடமிருந்து பறிக்க முடியாது; பயணம் எங்கிருந்து தொடங்கியது, கட்டளை எங்குப் பெறப்பட்டது, சரக்கு எங்கு இறக்கப்பட்டது, சாரதி எங்குத் திரும்பினார் என்பவற்றை எல்லாம் சீர்தூக்கி அந்நாட்டைத் தீர்மானித்தல் வேண்டும் என்பது அதன் சாரம்.

இத்தீர்ப்பு தொழிலாளருக்குச் சாதகமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது கேட்கும் வினாக்கள் யாவும் நிகழ்வு பற்றிய வினாக்கள். அவற்றுக்கான விடைகள் இன்று எங்கே எழுதப்பட்டுள்ளன? 2006 மே மாதந்தொட்டு ஐரோப்பிய ஒன்றியத்திற் புதிதாகப் பதியப்படும் கனரக வாகனங்களிற் பொருத்தப்பட்டுவரும் இலத்திரனியல் வேகப் பதிகருவியிலும், கம்பனியின் கணினியிலுமே எழுதப்பட்டுள்ளன. சாரதி தம் உழைப்பினால் அப்பதிவை உண்டாக்குகிறார். அதன் பெரும்பகுதியைப் பேணுவதோ அவர் எதிர்த்து வழக்காட வேண்டிய கம்பனி. நமது விவாதத்தின் மையம் இம்முரண்பாடே.

2

இம்முரண்பாடு முற்றிலும் கணினி யுகத்தின் விளைவு என எண்ணுதல் தவறு. தமிழ் இலக்கியத்தில் வரும் மிகப் புகழ்பெற்ற வழக்கொன்று இதனை விளக்கவல்லது. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில், நம்பியாரூரரின் மணப்பந்தலுக்கு வரும் முதியவர் ஒருவர், ஆரூரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்த அடிமையோலை தம்மிடம் உள்ளதென்று வாதிக்கிறார். ஆரூரர் ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு வேற்றூராகிய திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. கிழிக்கப்பட்டது படியோலை என்றும் மூலவோலை தம்மிடம் இருப்பதென்றும் முதியவர் கூறுகிறார். ஆட்சி, ஆவணம், காட்சி என மூவகைச் சான்றுகள் பற்றி அங்குப் பேச்செழுகிறது. இறுதியில், பாட்டனாரின் வேறொரு கையெழுத்தைக் காப்பிலிருந்து வரவழைத்து, மூலவோலையின் எழுத்தோடு ஒப்புநோக்கி, இரண்டும் ஒன்றே என அவை முடிவுசெய்கிறது.

சமய நோக்கில் இதற்குரிய பொருள் வேறு. சான்றியல் நோக்கில் இரு செய்திகள் முக்கியமானவை. முதலாவது, முதியவர் கையிலிருந்த ஓலையை அவருடைய சொல்லை மட்டும் நம்பி அவை ஏற்கவில்லை. வழக்காடுவோர் இருவர் வசமும் இல்லாத காப்பிலிருந்த இன்னோர் எழுத்தைக் கொண்டே அதனைச் சோதித்தது. இரண்டாவது, நடைமுறை எவ்வளவு செம்மையாக இருந்தபோதும் அது உறுதிப்படுத்தியது ஒரு மனிதனை வழிவழி அடிமையாக்கும் உரிமையை. சான்று முறையின் செம்மை வேறு, சமூக உறவின் நியாயம் வேறு. நிலவுடைமைச் சமுதாயத்தின் அவை, அச்சமுதாயத்தின் உடைமையுறவையே தன் விசாரணையின் எல்லையாகக் கொண்டிருந்தது. இவ்விரு செய்திகளையும் மனத்திற் கொண்டு இன்றைய நிலைமையை நோக்குவோம்.

3

ஒரு நாட்டு நீதிமன்றின் ஆணை இன்னொரு நாட்டின் மண்ணில் தானாகச் செல்லுபடியாவதில்லை. எனவே வேற்று நாட்டிலுள்ள சாட்சியை விசாரிக்கவோ, ஆவணத்தைப் பெறவோ அந்நாட்டின் உதவி வேண்டும். இதற்கான பிரதான சர்வதேசக் கருவி, 1970 மார்ச் 18இல் ஹேக் நகரிற் செய்யப்பட்ட, குடியியல் அல்லது வணிக விடயங்களில் வெளிநாட்டிற் சான்று பெறுதல் பற்றிய சமவாயமாகும். வழக்கை விசாரிக்கும் நீதிமன்று கோரிக்கைக் கடிதமொன்றை மற்றைய நாட்டின் மத்திய அதிகாரசபைக்கு அனுப்பும். அச்சபை அதனைத் தன் நாட்டு நீதிமன்றுக்கு அளிக்கும். அந்நீதிமன்று சான்றைப் பெற்றுத் திருப்பி அனுப்பும்.

இச்சமவாயம் எல்லா நாடுகளையும் ஒரே தளத்தில் நிறுத்துவதாகத் தோன்றினும், அதன் உள்ளமைப்பு அவ்வாறன்று. சமவாயம் செய்யப்பட்ட காலத்தில் ஹேக் மாநாட்டின் அங்கத்தவராயிருந்த நாடுகள் ஒன்றையொன்று தாமாகவே பிணைக்கின்றன. பின்னர் வந்து இணையும் நாடோ, தன் இணைவை எந்தெந்த நாடு ஏற்பதாக அறிவிக்கிறதோ அந்நாட்டுடன் மட்டுமே பிணைப்புப் பெறும். 2000ஆம் ஆண்டில் இணைந்த இலங்கையின் நிலையும் இதுவே. குடியேற்ற நாடுகளாயிருந்து பின்னர் விடுதலை பெற்றவற்றுட் பல இவ்வாறு வாசலில் நின்று அனுமதி பெறும் நிலையிலேயே சர்வதேசச் சட்டத்தினுட் புகுந்தன.

வல்லரசு விரும்பும்போது சமவாயத்தையே ஒதுக்கிச் செல்லலாம் என்பதும் விரைவில் நிலைநாட்டப்பட்டது. 1980இல் ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீழ்ந்த விமானமொன்றின் தொடர்பில், அதனைத் தயாரித்த பிரெஞ்சு அரச நிறுவனத்திடமிருந்து அமெரிக்க வழக்காளிகள் ஆவணங்களைக் கோரினர். வழக்குக்கு முன்னரே எதிர்த்தரப்பின் ஆவணங்களைப் பரந்த அளவில் வெளிப்படுத்துமாறு கேட்பது அமெரிக்க வழக்காற்று முறை. ஐரோப்பிய நாடுகள் அதனை வெறுத்தன. வெளிநாட்டு வழக்கிற் சான்றாகப் பயன்படும் பொருளாதார, தொழினுட்பத் தகவல்களைச் சமவாய வழியன்றி வழங்குதல் குற்றம் எனப் பிரான்சு 1980இல் தன் சட்டத்தைத் திருத்தியிருந்தது. எனினும் 1987இல் அமெரிக்க உயர் நீதிமன்று, ஹேக் சமவாயம் ஒரு விருப்புத் தெரிவே என்றும், அதனை முதலில் நாடவேண்டிய கட்டாயம் இல்லை என்றும் தீர்ப்பளித்தது. இரு முதலாளித்துவ அரசுகளின் சான்றுமுறைகள் மோதியபோது, எவருடைய சந்தையில் விற்கவேண்டியிருந்ததோ அவருடைய முறை மேலோங்கியது எனலாம்.

4

கோரிக்கைக் கடிதம் தபாலிற் செல்லும், மொழிபெயர்க்கப்படும், மேசை மேசையாகக் காத்திருக்கும். இத்தாமதத்தைக் களைவதே இலத்திரனியற் கருவிகள் அளித்த முதலாவது வாக்குறுதி. இதனை மிக விரிவாகச் செயற்படுத்த முனைந்திருப்பது ஐரோப்பிய ஒன்றியமாகும்.

சான்று பெறுதல் பற்றிய 2020/1783 இலக்க ஒழுங்குவிதி, டென்மார்க் தவிர்ந்த ஒன்றிய நாடுகளில் 2022 ஜூலை முதலாந் திகதி தொட்டு நடைமுறையில் உள்ளது. இதன்படி ஒரு நாட்டு நீதிமன்று மற்றைய நாட்டு நீதிமன்றுக்கு நேரடியாகக் கோரிக்கை விடுக்கலாம். கோரிக்கை கிடைத்தமையை 7 நாட்களுள் உறுதிப்படுத்தல் வேண்டும். 90 நாட்களுள் அதனை நிறைவேற்றல் வேண்டும். சாட்சியைக் காணொளி வாயிலாக நேரடியாக விசாரிக்கவும் வழியுண்டு. 2025 மே மாதத்திலிருந்து கோரிக்கைகள் பன்மையப்படுத்தப்பட்ட கணினி வலையமைப்பொன்றினூடாகவே விதியாகச் செல்கின்றன. 2010இல் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி, 2022இல் தனி ஒழுங்குவிதியொன்றாற் சட்ட நிலை பெற்ற ‘ஈ-கோடெக்ஸ்’ என்னும் தொடர்பாடல் முறை அதன் அடித்தளம். அனைத்துக் கோவைகளையும் ஒரே இடத்திற் குவிக்கும் மத்திய களஞ்சியம் அங்கில்லை. ஒரு நாட்டின் வாயிலிலிருந்து மற்றைய நாட்டின் வாயிலுக்கு ஆவணம் நேரே செல்கிறது. இவ்வாறு அனுப்பப்படும் ஆவணம் இலத்திரனியல் வடிவில் உள்ளது என்னும் ஒரே காரணத்துக்காக அதன் சட்ட விளைவையோ ஏற்புடைமையையோ மறுத்தலாகாது எனவும் ஒழுங்குவிதி கூறுகிறது.

இவை மெய்யான முன்னேற்றங்கள். தாமதம் எப்பொழுதும் வலியவனுக்கே துணைபோவது. ஒரு கம்பனி 5 ஆண்டுகள் காத்திருக்கும். வேலையிழந்த சாரதி 5 மாதங்கள் காத்திருப்பதே அரிது. எனவே விரைவு என்பது வர்க்க நலன் சாராத வெறும் தொழினுட்பச் சிறப்பென்று ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் ஒன்றை நாம் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். இக்கருவிகள் யாவும் சான்றைச் சுமந்து செல்லும் கருவிகள். சான்று எவர் கையிலிருந்து புறப்படுகிறது, எவர் அதனை ஆக்கினார், எவர் அதனை அழிக்கவல்லார் என்பவற்றை அவை தீர்மானிப்பதில்லை. நீதிமன்றுகளுக்கிடையேயான வீதி செப்பனிடப்பட்டுள்ளது. களஞ்சியத்தின் திறவுகோல் முன்போலவே அதன் உடைமையாளரிடம் உள்ளது.

திறவுகோல் எவரிடம் என்பதை இன்னொரு வேறுபாடு தெளிவாக்குகிறது. ஐக்கிய அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தாம் சேமித்து வைத்திருக்கும் செய்திகளின் உள்ளடக்கத்தைக் குடியியல் வழக்காளியின் அழைப்பாணைக்கு இணங்கி வழங்குவதை மின்னஞ்சற் சேவை நிறுவனங்களுக்குத் தடைசெய்கிறது. தனிமனிதரின் அந்தரங்கத்தைக் காத்தல் அதன் நியாயம். ஆயின் குற்றவியல் விசாரணைக்கு இத்தடை இல்லை. 2018இல் அமெரிக்காவும், 2023இல் ஐரோப்பிய ஒன்றியமும் நிறைவேற்றிய சட்டங்கள், எல்லைக்கப்பாலுள்ள நிறுவனத்திடமிருந்து குற்றவியற் சான்றை நேரடியாகப் பெற அரசுகளுக்கு வழி வகுத்துள்ளன. அரசு வழக்குத்தொடுநராக வரும்போது வாயில் விரைந்து திறக்கிறது. சம்பளங் கேட்கும் தொழிலாளியோ, பராமரிப்புக் கேட்கும் தாயோ வரும்போது பழைய கோரிக்கைக் கடிதத்தின் பாதையே எஞ்சுகிறது.

5

இலத்திரனியற் சான்றின் நம்பகத்தன்மையை உறுதிப்படுத்தும் தொழினுட்பங்கள் பற்றியும் சிறிது கூறுதல் அவசியம். இவற்றுள் அடிப்படையானது ‘ஹாஷ்’ எனப்படும் குறியீட்டுக் கோவையாகும். ஒரு கோப்பினைக் குறித்த கணித முறையொன்றினூடாகச் செலுத்தினால் நிலையான நீளமுடைய கோவையொன்று கிடைக்கும். இன்று பரவலாக வழங்கும் எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில் அது 64 குறியீடுகள் கொண்டது. கோப்பில் ஓரெழுத்து மாறினும் கோவை முற்றாக மாறிவிடும். எனவே வழக்கின் தொடக்கத்திற் பெறப்பட்ட கோப்பும் மன்றிற் காட்டப்படும் கோப்பும் ஒன்றே என்பதை இதனால் நிலைநாட்டலாம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்தியச் சான்றுச் சட்டம், இலத்திரனியற் சான்றுடன் இணைக்கவேண்டிய சான்றிதழ்ப் படிவத்தில் இக்கோவையையும் குறிக்கவேண்டும் என விதித்துள்ளது. இம்முறைகளும் நிரந்தரமானவையல்ல. எஸ்.எச்.ஏ.-1 என்னும் பழைய முறையில், வேறுபட்ட இரு கோப்புக்கள் ஒரே கோவையைத் தரும்படி ஆக்கலாம் என்பது 2017இற் செய்து காட்டப்பட்டது.

சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர்க்கு இதன் எல்லை எளிதில் விளங்கும். இரு ஏடுகள் எழுத்துக்கெழுத்து ஒத்திருப்பின் ஒன்று மற்றதன் படி என்றோ இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்றோ கூறலாம். அம்மூலம் பிழையற்றது என்று கூற முடியாது. ஹாஷ் ஒற்றுமையை எண்பிக்கும், உண்மையை எண்பிக்காது. பிழையாக எழுதப்பட்ட கணக்கின் ஹாஷ், அப்பிழை அன்றுதொட்டு மாறாமல் உள்ளது என்பதற்கே உத்தரவாதம்.

இவ்வேறுபாட்டை மறந்ததனால் விளைந்த கேட்டினை இங்கிலாந்தின் வரலாறு காட்டுகிறது. அங்கு 1968ஆம் ஆண்டுச் சட்டம் குடியியல் வழக்குகளிலும், 1984ஆம் ஆண்டுச் சட்டம் குற்றவியல் வழக்குகளிலும் கணினிச் சான்றுக்குத் தனி நிபந்தனைகளை விதித்திருந்தன. கணினி முறையாக இயங்கியது எனக் காட்டவேண்டியது அச்சான்றைக் கொணர்பவரின் பொறுப்பு. இந்நிபந்தனைகள் நடைமுறைக்கு ஒவ்வாதவை எனக் கருதப்பட்டு, குடியியற் பிரிவு 1995ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், குற்றவியற் பிரிவு 1999ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் நீக்கப்பட்டன. அவற்றினிடத்தில் பொறி முறையாக இயங்கியது என்னும் பொதுச் சட்ட ஊகம் நின்றது. மறுப்பவரே மறுப்புக்கான ஆதாரம் காட்டவேண்டும் என்றாயிற்று.

அதே காலப்பகுதியில் பிரித்தானிய அஞ்சல் நிறுவனம் ‘ஹொரைசன்’ என்னும் கணினிக் கணக்கு முறையைத் தன் உப தபாற் கந்தோர்களிற் புகுத்தியது. கணக்கிற் பணங் குறைந்ததாகக் கணினி கூறிய இடங்களில் உப தபாலதிபர்கள் கடனாளிகளாகவும் கள்வர்களாகவும் ஆக்கப்பட்டனர். 2007ஆம் ஆண்டிற் குடியியல் வழக்கொன்றில், சட்டத்தரணியின்றித் தாமே வாதாடிய உப தபாலதிபரொருவர் தோற்றார். பிணக்குக்குரிய தொகை ஏறத்தாழ 25,000 பவுண். அவர்மீது சுமத்தப்பட்ட வழக்குச் செலவு 3,21,000 பவுண். அவர் வங்குரோத்தானார். பின்னர் 555 பேர் ஒன்றுசேர்ந்து தொடுத்த குடியியல் வழக்கில், 2019 டிசம்பரில் உண்மை வெளிப்பட்டது. கணினி முறையின் வழுக்கள் பணக் குறைவு போன்ற தோற்றத்தை ஏற்படுத்தவல்லன என்றும், அதனைத் தயாரித்துப் பேணிய பூஜிட்சு நிறுவனத்தின் ஊழியர் தூர இருந்தே கிளைகளின் கணக்குக்களினுட் புகமுடிந்தது என்றும் நீதிமன்று கண்டது. அறியப்பட்ட வழுக்களின் பதிவேடொன்று முன்னரே இருந்தது. அது வழக்குக்குப் பொருத்தமற்றது என்றும், தன் கட்டுப்பாட்டில் இல்லை என்றும் அஞ்சல் நிறுவனம் வாதிட்டு அதனை வெளிப்படுத்துவதை எதிர்த்திருந்தது. 2024இற் பாராளுமன்றமே சட்டமியற்றித் தண்டனைத் தீர்ப்புக்களை நீக்கவேண்டியதாயிற்று.

கணினி பிழைவிட்டது என்பது இவ்வரலாற்றின் சிறு பகுதியே. பிழையைக் காட்டக்கூடிய ஆவணம் ஒரு தரப்பின் கைக்குள் இருந்தபோது, பிழையைக் காட்டும் பொறுப்பு மறு தரப்பின்மீது சுமத்தப்பட்டிருந்தது என்பதே முக்கியமானது. ஒரே நாட்டினுள், ஒரே மொழியில், ஒரே நீதிமன்ற அதிகாரத்தின்கீழ் இதனை வெளிக்கொணர இருபது ஆண்டுகள் சென்றன. கணினியும் அதனைப் பேணும் நிறுவனமும் அந்நிய நாட்டில் இருப்பின் நிலைமை என்னவாகும் என்பதை எவரும் ஊகிக்கலாம்.

6

1842ஆம் ஆண்டின் இறுதியில், இளைஞரான கார்ல் மார்க்ஸ் ரைன் மாகாணப் பத்திரிகையொன்றில் விறகுத் திருட்டுச் சட்டம் பற்றிய கட்டுரைத் தொடரொன்றை எழுதினார். காட்டில் விழுந்த சுள்ளிகளைப் பொறுக்கும் ஏழைகளின் வழக்காற்றுரிமையை மாகாண சபை திருட்டென்று சட்டமாக்க முனைந்தமையைக் கண்டிப்பது அதன் நோக்கம். அத்தொடரிற் குறைவாகவே கவனிக்கப்படும் பகுதியொன்று உண்டு. திருட்டை முறையிடுபவன் வனக்காவலன். திருடப்பட்ட விறகின் பெறுமதியை மதிப்பிடுபவனும் அவனே. அவனோ காட்டுடைமையாளனின் சம்பளத்தில் வாழ்பவன். காப்பவனே மதிப்பிடுபவனுமாகும்போது, உடைமையாளனின் நலன் சட்டத்தின் புறநிலை உண்மையாக வேடம் புனைகிறது என்பது மார்க்ஸ் காட்டிய உண்மையின் சாரம்.

இன்றைய வனக்காவலன் பதிவுக் கணினியே. அது கண்காணிக்கிறது, கணக்கிடுகிறது, மன்றிற் சான்றும் பகர்கிறது. சம்பளம் பெறும் மனிதனாக அது தோன்றாமையால் அதன் சார்புநிலை கண்ணுக்குப் புலனாவதில்லை. மனிதரிடையேயான உறவு பொருள்களிடையேயான உறவாகத் தோற்றங்கொள்ளும் நிலையை மார்க்ஸ் பண்டத்தின் மாயமாக விளக்கினார். சான்றுத் துறையிலும் அதே மாயம் தொழிற்படுகிறது. ‘கணினி கூறுகிறது’ என்னும் சொற்றொடரில், அக்கணினியை வடிவமைத்தோர், பேணுவோர், திருத்துவோர், அவர்களுக்குக் கூலி கொடுப்போர் அனைவரும் மறைந்துபோகின்றனர். சோவியத் சட்ட அறிஞர் பஷுக்கானிஸ் 1924இல் வெளியிட்ட நூலில், முதலாளித்துவச் சட்டம் மனிதரைச் சமநிலையான உடைமையாளராகக் கற்பித்து நோக்குகிறது என விளக்கினார். எல்லை கடந்த வழக்கிலும் சாரதியும் கம்பனியும் சமமான இரு தரப்பினர் எனவே எழுதப்படுகின்றனர். ஒருவரிடம் உள்ளது கைத்தொலைபேசி. மற்றவரிடம் உள்ளது பதிவேடு முழுவதும்.

ஆயினும் இதனை மாற்றமுடியாத விதியாகக் கொள்வது மார்க்சியமாகாது. தொழிலாளர் போராட்டங்கள் சட்டத்திலும் தம் தடங்களைப் பதித்துள்ளன. மேற்கூறிய சாரதியின் துறையிலேயே அதற்குச் சான்றுண்டு. வேகப் பதிகருவி பற்றிய 2014ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒழுங்குவிதி, பதிவுகளைக் குறைந்தது ஓராண்டுக் காலம் பேணவேண்டும் என்றும், சாரதி கோரின் அவற்றின் படிகளை அவருக்கு வழங்கவேண்டும் என்றும் கம்பனிகளைக் கட்டாயப்படுத்துகிறது. 2019 மே மாதத்தில், ஸ்பானியத் தொழிற்சங்கமொன்று வங்கியொன்றுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்று, ஒவ்வொரு தொழிலாளியினதும் அன்றாட வேலைநேரத்தை நம்பகமாக அளக்கும் முறையொன்றை நிறுவுமாறு தொழில்கொள்வோரை நாடுகள் கட்டாயப்படுத்தல் வேண்டும் எனத் தீர்த்தது. அத்தகைய பதிவின்றித் தொழிலாளி தன் உரிமையை எண்பிப்பது மிகக் கடினம் என்பதை நீதிமன்று காரணமாகக் காட்டியது. சான்றை ஆக்கும் கடமையும் அதனைப் பகிரும் கடமையும் சான்றின் உடைமையாளர்மீதே சுமத்தப்படலாம் என்பதற்கு இவை எடுத்துக்காட்டுக்கள்.

7

இலங்கையின் சட்டத்தை இப்பின்னணியில் நோக்குதல் பயனுடையது. நமது சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டுக்குரியது. கணினிச் சான்றுக்கு இடமளித்தது 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம். அச்சட்டம் இரு பாதுகாப்புக்களை வைத்திருந்தது. கணினிச் சான்றைக் கொணர விரும்புபவர் விளக்கத்துக்குக் குறித்த திகதிக்கு 45 நாட்களுக்கு முன்னர் மறு தரப்புக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். மறு தரப்பு அச்சான்றை மட்டுமன்றி, அதனை ஆக்கிய கணினியையும் அதன் தொடர்பான பதிவேடுகளையும் பார்வையிட அனுமதி கோரலாம்.

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வேறு திசையிற் சென்றது. அது தன் எல்லைக்குட்பட்ட விடயங்களில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரயோகத்தை விலக்கி, மாறாக எண்பிக்கப்படும்வரை இலத்திரனியற் பதிவின் உள்ளடக்கம் உண்மை என ஊகிக்க வழிசெய்தது. வணிகத்தின் தேவை இதற்குக் காரணமாயிருந்தது. 1996இல் ஐக்கிய நாடுகளின் சர்வதேச வணிகச் சட்ட ஆணைக்குழு வெளியிட்ட மாதிரிச் சட்டத்தைப் பல நாடுகள் பின்பற்றிய காலம் அது. இலத்திரனியல் வடிவம் என்னும் காரணத்துக்காகச் சான்றை ஒதுக்கலாகாது என்னும் அம்மாதிரிச் சட்டத்தின் கொள்கை வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒதுக்காதிருத்தல் வேறு, உண்மையென ஊகித்தல் வேறு.

இவ்வூகம் எளியோருக்கும் உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. மத்திய கிழக்கிலே பணிபுரிந்து திரும்பிய ஒரு பெண், சம்பள நிலுவை பற்றி முகவர் அனுப்பிய செய்தியைத் தன் கைத்தொலைபேசியிற் காட்டும்போது ஊகம் அவள் பக்கம் நிற்கும். ஆனால் அவளுக்கெதிராக நிறுவனமொன்று முழுமையான சம்பளப் பதிவேட்டைக் கணினியிலிருந்து அச்சிட்டுக் கொணரும்போதும் அதே ஊகம் தொழிற்படும். அவளுடைய செய்தியை எதிர்த்தரப்பு தன் கணினியிலுள்ள மூலத்தோடு ஒப்புநோக்கலாம். நிறுவனத்தின் பதிவேட்டை ஒப்புநோக்க அவளிடம் எதுவும் இல்லை. வடிவத்திற் சமமான விதி விளைவிற் சமமற்றதாவது இவ்வாறே.

எனவே வேண்டப்படுவன மூன்று. பதிவின் உண்மையை ஊகித்தல் என்னும் சலுகையைப் பெற விரும்பும் தரப்பு, அப்பதிவை ஆக்கிய முறையின் வழுப் பதிவேட்டையும் திருத்த வரலாற்றையும் வெளிப்படுத்தல் வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் பார்வையிடும் உரிமை இவ்வகையிற் புத்துயிர் பெறவேண்டியது. கணினியைக் கட்டுப்படுத்துபவர் எவரோ எண்பிப்புச் சுமையும் அவர்மீதே இருத்தல் வேண்டும். தொழிலாளியின் உழைப்பினாலோ ஒருவரின் கொடுக்கல் வாங்கலினாலோ உண்டாகும் பதிவின் முழுப் படியை, வழக்கு எழுவதற்கு முன்னரே, அவர் எந்நாட்டில் இருப்பினும் பெறும் உரிமை அவருக்கு இருத்தல் வேண்டும். மூன்றாவது கோரிக்கை நிறைவேறின், எல்லை கடந்த கோரிக்கைக் கடிதங்கள் பலவற்றுக்குத் தேவையே ஏற்படாது.

நீதிமன்றுகளுக்கிடையே ஆவணத்தைச் சில நொடிகளில் அனுப்பும் ஆற்றல் மனித உழைப்பின் பெருஞ் சாதனைகளுள் ஒன்று. அச்சாதனை எவர் பக்கம் நிற்கும் என்பதைத் தொழினுட்பம் தீர்மானிக்காது. திருவெண்ணெய்நல்லூர் அவை வழக்காடியோர் இருவர் வசமும் இல்லாத காப்பிலிருந்து ஒப்பெழுத்தைப் பெற்றது. ஆனால் அடிமையோலை என்னும் உறவையே அது கேள்விக்குட்படுத்தவில்லை. நமது காலத்துக் கடமை இரட்டைத் தன்மையது. சான்றின் காப்பினை உடைமையாளரின் தனிக் கட்டுப்பாட்டிலிருந்து மீட்டல் ஒன்று. அச்சான்று எத்தகைய உறவை உறுதிப்படுத்துகிறது என வினவுதல் மற்றொன்று. முதலாவதற்குச் சட்டச் சீர்திருத்தம் போதும். இரண்டாவதற்கு அதனினும் பரந்த போராட்டம் தேவை.